கண்டு கற்றல்

கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்த இரவிவர்மா, ஓவியம் தீட்டுவதைத் தம் மாமனிடம் கற்றார். 14ஆம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கு எண்ணெய்வண்ண ஓவியங்களைக் கண்டு வியந்தார். நீர்வண்ணம் விரைந்து உலரும். எண்ணெய்வண்ணமோ மெல்ல உலரும். ஆதலால் வண்ணத்தோடு வண்ணத்தைக் குழைத்துத் தீட்டலாம். ஆயினும், அதற்குக் கை புதிதாகப் பழக வேண்டும்.

அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் கற்பிக்க மறுத்தார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவில் மறைவாக வந்து உதவினார். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அங்கு வந்தார். அவரோ, தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். இரவிவர்மா உற்றுப் பார்த்தார், தனியே தீட்டினார், பிழை கண்டு திருத்தினார், மீண்டும் தீட்டினார். 1873இல் வியன்னா கண்காட்சியில் அவர் ஓவியம் பரிசு பெற்றது. திருவனந்தபுரத்தில் அவர் ஓவியங்களை இன்றும் காணலாம்.

சொற்பொருள்
இசைதல் – உடன்படுதல்
மறைவாக – பிறர் அறியாதவாறு

விடை எழுதுக
1. எண்ணெய்வண்ணம் நீர்வண்ணத்தினின்று எவ்வாறு வேறுபடுகிறது?
2. இரவிவர்மாவுக்கு இரவில் உதவியவர் யார்?

சிந்தித்து எழுதுக
கணினித் திரையில் மட்டுமே வரைந்து பழகிய ஒருவர், முதன்முறையாகத் தூரிகை பிடிக்கிறார். அவர் கை எவற்றைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்?