கணிப்பொறியின் பிணியறிதல்

நெசவாலையில் பாவில் ஓரிழை அறுந்தால், தொழிலாளி தறியையே கழற்றி எறிவதில்லை. ஓட்டத்தை நிறுத்தி, அறுந்த இழை எதுவெனத் தேடி, முடிச்சிட்டு, மீண்டும் இயக்குவார். 2020-ஆம் ஆண்டில் மூடப்பட்ட ஆங்கிலோ-பிரெஞ்சு நெசவாலை இருந்த முதலியார்பேட்டையில் இவ்வுண்மையை அறியாதார் இலர். கணிப்பொறிக்கும் இதுவே முறையாகும்.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதன் நெறியைத் தழுவி, 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் லினக்ஸைக் கொண்டு ஆக்கிய ‘பாஸ்’ என்னும் இயங்குதளம், தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் இடம்பெற்றது.

முதலியார்பேட்டை மாணவி ஒருத்தி, மறுநாள் பள்ளியில் அளிக்க வேண்டிய கட்டுரையைக் கணிப்பொறியில் எழுதுகிறாள் எனக் கொள்வோம். அதனைச் சேமிக்க முயலும்போது, ‘வட்டில் இடமில்லை’ என்னும் செய்தி தோன்றுகிறது. “அனைத்தையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவு” என்கிறாள் தோழி. அவ்வாறு செய்தால், ஓராண்டாக அவள் எழுதிச் சேர்த்தவை யாவும் அழிந்தொழியும் அன்றோ?

அறிவுடையார் முதற்கண் பிழைச்செய்தியை முழுவதும் படிப்பர். பின்னர் ‘டிஎஃப்’ என்னும் கட்டளையால் வட்டின் எப்பகுதி நிரம்பியுள்ளது என்பதையும், ‘டியூ’ என்னும் கட்டளையால் எக்கோப்புறை மிகுந்த இடத்தைக் கொண்டுள்ளது என்பதையும் அறிவர். பெரும்பாலும் பெருத்துவிட்ட பதிவேட்டுக் கோப்புகளோ, மென்பொருள் நிறுவியபின் எஞ்சிய பொதிகளோ காரணமாக இருக்கும். வேண்டாதவற்றை நீக்கினால் இடம் கிடைக்கும். சிற்சில வேளைகளில் கோப்பை நீக்கிய பின்னும் இடம் கிடைப்பதில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் அக்கோப்பைத் திறந்து வைத்திருப்பதே அதற்குக் காரணம். அந்நிரல் நின்றவுடன் இடம் விடுபடும்.

இணையத் தொடர்பு அறும்போதும் இவ்வாறே படிப்படியாக ஆராய்தல் வேண்டும். ‘பிங்’ என்னும் கட்டளையால் தொலைவிலுள்ள ஒரு பொறியை அதன் எண்முகவரியால் அழைத்துப் பார்க்கலாம். எண்ணுக்கு விடை வந்து, பெயருக்கு வாராவிடின், கம்பியில் குறையில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் அமைப்பிலேயே குறை உள்ளது. இங்ஙனம் ஒரே சோதனையால் பாதி ஐயங்கள் நீங்கிவிடுகின்றன.

மேலும் மூன்று எச்சரிக்கைகளை நினைவிற் கொள்க. ‘அனுமதி மறுக்கப்பட்டது’ எனக் கணிப்பொறி கூறினால், உடனே முழு அதிகாரமுடைய ‘ரூட்’ நிலையை நாடலாகாது. கோப்பு யாருக்கு உரியது என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். ‘ஆர்எம்’ என்னும் கட்டளையால் அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை. அதனை மீட்டல் அரிது. ஆகவே நகல் எடுத்து வைத்தல் இன்றியமையாதது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், பிணியைத் தீர்த்த மருந்து எது என்பது புலப்படாது.

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்தளிக்க வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. மனிதர் உடலுக்கு உரைத்த அந்நெறி, மனிதர் படைத்த பொறிக்கும் பொருந்துவதாகும். மாணவர்களே! பொறி பழுதுற்றபோது அஞ்சாது, அது கூறுவதைப் பொறுமையுடன் படியுங்கள். பழுதின் காரணத்தைக் கண்டறிந்தவர், மறுமுறை பிறர் உதவியை எதிர்பாரார். பிறர்க்கு உதவவும் வல்லவராவர்.