பொதுச் சொத்து யார் பெயரில்?

வணிகச் சகோதரர்களே!

நம்மில் கடை வைத்திருப்பவர் எவரும் கணக்கில்லாமல் வியாபாரம் செய்வதில்லை. சரக்கு வந்தால் பட்டியல்; பணம் கொடுத்தால் ரசீது; கடன் சொன்னால் பேரேட்டில் பற்று; வருஷம் முடிந்தால் ஐந்தொகை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகறா 282-வது வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர்.

ஆனால், பொதுக் காரியம் என்று வந்துவிட்டால் இந்தக் கவனம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. பத்துப் பேர் பணம் போட்டு மதரஸாவுக்கென்று ஒரு வீடு வாங்குகிறோம். கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால், "ஹாஜியார் பெயரில்தான் இருக்கிறது, அவர் நல்லவர்" என்று பதில் வருகிறது. நல்லவர்தாம், ஐயமில்லை. ஆனால் நல்லவரும் ஒரு நாள் மவுத்தாகிறார். மறுநாள் அந்த வீடு யாருடையது? இந்தக் கேள்வியைத்தான் இப்பாடத்தில் ஆராயப் போகிறோம்.

முதல் தர்மமும் அதன் பத்திரமும்

வக்பு என்பதற்கு மார்க்க அறிஞர்கள் காட்டும் தலையாய முன்மாதிரி, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை அறம் செய்ததாகும். நிலத்தை நிறுத்தி வைத்து அதன் பலனைத் தர்மம் செய்யலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். அதன்படி அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படாது, வாரிசுக்கும் போகாது என்றாயிற்று. ஏழைகள், உறவினர், வழிப்போக்கர், விருந்தினர் முதலியோருக்கு அதன் வருமானம் உரியதாயிற்று. நிர்வகிப்பவர் நியாயமான அளவுக்கு அதிலிருந்து உண்ணலாம். செல்வம் சேர்க்கக் கூடாது.

இவ்வளவும் நாம் பயான்களில் கேட்டதே. நாம் அதிகம் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அந்தத் தர்மத்துக்கு எழுதப்பட்ட சாசனத்தின் வாசகத்தை அபூதாவூது ஹதீஸ் தொகுப்பு தருகிறது. எழுதியவர் முஅய்கீப்; சாட்சி அப்துல்லாஹ் இப்னு அல்அர்க்கம். உமர் (ரலி) அவர்களுக்குப் பின் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்கள் ஆயுள் உள்ளவரை பொறுப்பாளர். அவர்களுக்குப் பின் அக்குடும்பத்தில் அறிவுத் தெளிவுள்ளவர்.

உமரை விட நம்பிக்கைக்குரியவர் யார்? அவருடைய வாய்ச்சொல்லை மறுக்கக் கூடியவர் யார்? அப்படியிருந்தும் எழுத்து இருந்தது, சாட்சி இருந்தது, அடுத்த பொறுப்பாளரின் பெயரும் இருந்தது. நம்பிக்கை வேறு, பத்திரம் வேறு என்று நாம் பிரித்துப் பேசுவது சரியன்று. நம்பிக்கையைக் காப்பதற்கே பத்திரம்.

இந்நாட்டில் சட்டம் வந்த வழி

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வெறுங்கையோடு வந்தாலும் தர்ம சிந்தையோடு வந்தவர்கள். பினாங்கில் 1801-ல் கப்பித்தான் கெலிங் காதர் முகைதீன் காலத்தில் பள்ளிவாசலுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. நூறு வருஷத்துக்குள் அந்தப் பரந்த சொத்தின் நிர்வாகம் குறித்து முறையீடுகள் பெருகின. அதன் விளைவாகவே 1905-ல் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் சர்க்கார் ஒரு சட்டம் இயற்றி, முஸ்லிம், இந்து தர்ம சொத்துகளைப் பார்த்துக்கொள்ள போர்டுகளை அமைத்தது. நாம் எழுதி ஒழுங்கு செய்யாததைப் பிறர் வந்து ஒழுங்கு செய்தார்கள் என்பதே இதன் சாரம்.

அக்காலத்து நீதிமன்றங்களின் போக்கையும் அறிய வேண்டும். பினாங்குத் தமிழ் முஸ்லிம் வணிகர் முகம்மது நூர்தீனின் உயில் பற்றிய வழக்கில், பினாங்கில் செல்லுவது இங்கிலீஷ் சட்டமே என்று 1871-ல் தீர்ப்பாயிற்று. இந்தியாவிலிருந்து சென்ற ஒரு வழக்கில், குடும்பத்தாருக்குப் பயன் தந்து கடைசியில் ஏழைகளுக்குச் சேரும்படி எழுதிய வக்பு செல்லாது என்று 1894-ல் லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிற்று. முஸ்லிம்களின் இடையறாத முயற்சியால் 1913-ல் இந்தியாவில் தனிச்சட்டம் வந்து அக்குறை நீங்கிற்று.

சிலாங்கூரின் கதை வேறு. இங்கே எழுந்த ஒரு வழக்கில், இஸ்லாமியச் சட்டம் அந்நியச் சட்டமன்று, இந்நாட்டுச் சட்டமே என்று 1927-ல் மேல்முறையீட்டு மன்றம் கூறியது. 1952-ல் சிலாங்கூர் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் வந்தது. சுதந்திரத்தோடு வந்த 1957-ம் வருஷத்து அரசியல் சாசனம் வக்பை மாநில அதிகாரப் பட்டியலில் வைத்தது. 1974-ல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிந்ததனால், இன்று பிரிக்பீல்ட்ஸில் உள்ள வக்புக்கு ஒரு சட்டமும் கிள்ளானில் உள்ள வக்புக்கு வேறொரு சட்டமும் பொருந்துகின்றன. முன்னதற்கு 1993-ம் வருஷத்துக் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியச் சட்ட நிர்வாகச் சட்டம். பின்னதற்கு 2015-ம் வருஷத்துச் சிலாங்கூர் வக்புச் சட்டம். இரண்டிலும் வக்புச் சொத்தின் பொறுப்பாளர் அந்தந்த இஸ்லாமிய சமய மன்றமே, அதாவது மஜ்லிஸே ஆகும்.

நில ஆபீஸ் எதைப் பார்க்கிறது?

நிற்க. வக்புச் சட்டம் எவ்வளவு நல்லதாயினும், நிலம் நில ஆபீஸின் ஏட்டில் இருக்கிறது. 1891-லேயே சிலாங்கூரில் நிலவுரிமைப் பதிவு முறை வந்துவிட்டது. இன்று நடப்பது 1965-ம் வருஷத்துத் தேசிய நிலச் சட்டம். ஏட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்பது அதன் அடிப்படை. நெடுங்காலம் அனுபவித்தோம் என்பதால் மட்டும் பிறர் நிலம் நம்முடையதாகாது. சர்க்கார் நிலமும் ஆகாது. அந்தச் சட்டத்தின் 48, 341-ம் பிரிவுகள் இதைத் தெளிவாகச் சொல்லுகின்றன.

இப்பொழுது மேலே சொன்ன மதரஸா வீட்டை எடுத்துக் கொள்வோம். ஹாஜியார் மவுத்தானதும் அவர் பெயரில் உள்ள சொத்தெல்லாம் வாரிசுகளுக்குப் பாகமாகும். வாரிசுகள் சிலர் கிள்ளானில், சிலர் தமிழ்நாட்டில். "இது ஜமாஅத்தின் பணத்தில் வாங்கியது" என்று அவர்களுக்குச் சொன்னவர் யார்? அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் கையில் உள்ள காகிதம் தந்தையின் பெயரைத்தான் காட்டுகிறது. நீதிமன்றம் சென்று நிரூபிக்கலாம் என்பது உண்மையே. எதைக் கொண்டு நிரூபிப்பது? பணம் போட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் கபுறில் இருக்கிறார்கள்; ரசீது இல்லை; தீர்மானப் புத்தகம் இல்லை. இடையில் வீடு கைமாறி, விஷயம் அறியாமல் ஒருவர் விலை கொடுத்து வாங்கிவிட்டால் மீட்பது அதனினும் அரிது.

நிலம் மலிவாக இருந்தபோது இந்தக் கேள்விகள் எழவில்லை. ரயில்வேப் பட்டறைகளும் ஊழியர் வீடுகளும் இருந்த பிரிக்பீல்ட்ஸில் 2001-ல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அதன் பின் அங்கே நிலத்தின் மதிப்பே வேறாகிவிட்டது. விலை ஏறும்போது உறவும் சோதனைக்கு உள்ளாகிறது.

நம் கண்முன் நடந்ததையும் பார்ப்போம். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நூறு வருஷத்துக்கு மேற்பட்டதென்று சொல்லப்படும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் இருந்த நிலத்தை, கோலாலம்பூர் மாநகராட்சி 2014-ல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது. அங்கே பள்ளிவாசல் எழுப்பும் திட்டம் வெளிவந்தபோது 2025-ல் நாடெங்கும் வாதம் எழுந்தது. முடிவில் அருகிலேயே மாற்றிடம் என்று பேசி உடன்பாடு கண்டார்கள். அண்டை வீட்டாரின் மனத்துயரை நாம் உணர வேண்டும். இதில் வெற்றி தோல்வி பேசுவது நமக்கு அழகன்று. நாம் பெற வேண்டிய பாடம் ஒன்றே: வழிபாட்டின் வயது நிலத்தின் பத்திரமாகாது. இன்று அவர்களுக்கு நேர்ந்தது, பத்திரமில்லாத எந்தத் தைக்காவுக்கும் நாளை நேரலாம்.

தாயகத்துச் செய்தியும் இதையே சொல்லுகிறது. 2025-ல் இந்தியாவில் வந்த வக்புத் திருத்தச் சட்டம், நெடுநாள் உபயோகத்தினாலேயே ஓர் இடம் வக்பாகும் என்ற விதியை இனிமேல் இல்லையென்று நீக்கியது. அதற்கு முன்பே பதிவானவை, வழக்கிலோ சர்க்கார் நிலமாகவோ இல்லாத அளவில், தொடரும் என்றது. சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டு, அவ்வருஷம் செப்டம்பரில் சில பிரிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதன் நியாய அநியாயம் ஒருபுறம் இருக்க, பதிவு செய்தவர் நின்ற இடமும் செய்யாதவர் நின்ற இடமும் ஒன்றாக இல்லை என்பதை மறுக்க முடியாது.

மனத்தில் உள்ள அச்சம்

"மஜ்லிஸிடம் ஒப்படைத்துவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்? தமிழ் பயான் நிற்குமா? நம் பிள்ளைகள் தமிழில் ஓதுவார்களா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இது அற்பமான அச்சமன்று. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் தமிழ் ஒலிப்பதும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நம் மக்கள் தொழக் கூடுவதும் நம் சமுதாய வாழ்வின் உயிர்நாடி.

ஆயினும் வாய்மூடி இருப்பது இந்த அச்சத்துக்கு மருந்தாகாது. எழுதி வைப்பதே மருந்து. சட்டம் பொது வக்பு என்றும் குறிப்பிட்ட வக்பு என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. குறிப்பிட்ட வக்பின் வருமானம், அதை ஏற்படுத்தியவர் சொன்ன சட்டபூர்வமான நோக்கத்துக்கே செலவாக வேண்டும். வக்பு செய்தவரின் நிபந்தனைக்குப் பெருமதிப்புக் கொடுப்பது பிக்ஹு சட்டத்தின் பழைய வழக்கமுமாகும். ஆகவே, "தமிழில் மார்க்கக் கல்வி கற்பிக்கும் மதரஸாவுக்காக" என்று சாசனத்தில் எழுதினால் அந்தச் சொல் நமக்காக வாதாடும். எழுதாமல் விட்ட விருப்பத்துக்காக வாதாட எவரும் இல்லை.

சங்கக் கட்டிடம், மாணவர் உபகார நிதி போன்று வக்பு அல்லாத சொத்துகளுக்கு வேறு வழி உண்டு. 1966-ம் வருஷத்துச் சங்கங்கள் சட்டத்தின் 9-ம் பிரிவின்படி, பதிவு பெற்ற சங்கம் நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக் கொள்ளலாம். மூன்று நிர்வாகஸ்தர்கள், பதிவதிகாரியின் சான்றோடும் சங்க முத்திரையோடும், பத்திரங்களில் கையெழுத்திட வேண்டும். நிர்வாகஸ்தர் மாறினாலும் சொத்து மாறாது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு ஜமாஅத்தும் சங்கமும் தன் பொறுப்பில் உள்ள சொத்துகளின் பட்டியலை எழுதி, நில ஆபீஸில் தேடுதல் செய்து, ஏட்டில் உள்ள பெயரைச் சரிபார்க்க வேண்டும்.

2. தனிநபர் பெயரில் பொதுச் சொத்து இருந்தால், அவர் ஹயாத்தோடு இருக்கும்போதே மாற்றிக் கொள்ள வேண்டும். அவர் முகம் கோணாமல் கேட்பது எப்படி என்று தயங்குகிறோம். அவர் பிள்ளைகளைப் பிற்காலத்தில் வழக்கிலிருந்து காப்பாற்றும் உபகாரம் அது என்று எடுத்துச் சொன்னால் அவரே முன்வருவார்.

3. மாற்றம் தாமதமானால், அறக்கட்டளையின் பயனாளி என்ற முறையில் நிலத்தின் மீது கேவியட் பதிவு செய்ய முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். தனியார் கேவியட் ஆறு வருஷம் நிற்கும், நிரந்தரப் பாதுகாப்பன்று.

4. வக்பு செய்ய நாடுவோர் மஜ்லிஸில் விசாரித்து, நோக்கத்தைத் தெளிவாக எழுதிச் செய்ய வேண்டும். மரண சாசனத்தால் செய்வதாயின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பதை மறக்கலாகாது.

5. மகாசபைக் கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் சங்கப் பதிவு இலாகாவுக்கு வருஷாந்தர அறிக்கை போய்ச் சேர வேண்டும். பதிவு போன சங்கத்தின் சொத்து தலையில்லாத உடம்பாகும்.

6. பழைய தீர்மானப் புத்தகங்கள் தமிழிலோ அரபுத் தமிழிலோ இருந்தால், படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவற்றை மலாயிலும் எழுதி வைக்க வேண்டும். நம் பேரப்பிள்ளைகளில் பலர் அவ்வெழுத்தைப் படிக்க அறியார், நீதிமன்றமும் அறியாது.

சகோதரர்களே! நம் முன்னோர் மூட்டை சுமந்தும், தெருவில் துணி விற்றும், உணவுக்கடையில் அடுப்படியில் நின்றும் சேர்த்த காசில்தான் இந்தத் தர்மங்கள் எழுந்தன. அவர்கள் கொடுத்ததை ஏடு அறியாது, அல்லாஹ் அறிவான். ஆனால் அதைக் காக்கும் கடமை நம் மீது இருக்கிறது. அந்தக் கடமைக்கு ஏடு வேண்டும். அடுத்த கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடிந்ததும் ஒருவர் எழுந்து, "நம் சொத்து யார் பெயரில் இருக்கிறது?" என்று மரியாதையோடு கேட்கட்டும். நிர்வாகஸ்தர்கள் அதைக் குற்றச்சாட்டாகக் கொள்ளாமல், கிராண்டின் நகலை மேசைமேல் வைத்துப் பதில் சொல்லட்டும்.

வல்ல நாயன் நம் அமானிதங்களைப் பேணும் தௌபீக்கை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.