மிதக்கும் தண்ணீரின் மேல் உங்கள் வீடு

காஷ்மீரின் தால் ஏரியில் படகு வீடுகளிலே வாழும் குடும்பங்கள் உண்டு. சுற்றிலும் தண்ணீர், வீட்டுக் கழிவு சேர்வதும் அதே தண்ணீரில்தான். மீள்குடியேறும் உங்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றலாம். ஆனால் குடாநாட்டில் நம் எல்லோருக்கும் அதே சிக்கல் இருக்கிறது. இங்கே மிதப்பது வீடல்ல, வீட்டுக்குக் கீழே உள்ள நன்னீர்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது என்பதே காரணம். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மட்டம் 1 அடி இறங்கினால் நாளடைவில் உப்பு 40 அடி மேலேறலாம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது பலருக்குத் தெரிந்த உதாரணம்.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து, 2017 ஜூலையில் மயிலிட்டியில் காணி விடுவிக்கப்பட்டபோது திரும்பியவர்களுக்கு 27 ஆண்டு இடைவெளி. அத்தனை காலம் புழங்காத கிணற்றில் என்ன கிடக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வெடிபொருளும் இருக்கலாம். கிராம அலுவலரிடம் அறிவித்து, கண்ணிவெடி அகற்றும் பிரிவினர் பார்த்த பிறகே ஆள் இறங்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டக் கூடாது. அதன் புகை உள்ளே நிற்பவரின் உயிரை எடுக்கும்.

கிணற்றை அடிவரை இறைத்துக் காயவிட்டால்தான் சிலருக்குத் திருப்தி. கடற்கரையோரக் காணிகளில் அது ஆபத்து. 2004 சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையோரத்தில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தும் உப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. பெருமளவு மழைதான் கழுவியது. ஆகவே குப்பையையும் சேற்றையும் எடுங்கள். இடைவெளி விட்டு மெதுவாக இறையுங்கள். சுவை உவர்க்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். தோட்டத்துக்கு இறைக்கும்போதும் ஒரேயடியாக ஓட்டாமல் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பது நல்லது. தண்ணீர் போதவில்லை என்று கிணற்றை ஆழப்படுத்துவதோ குழாய்க்கிணறு அடிப்பதோ உப்பை வலிய அழைப்பதாகவே முடியும்.

துப்புரவு செய்தபின் குளோரின் இட வேண்டும். அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். அவருக்குத் தண்ணீரின் அளவு தெரிய வேண்டும். 2 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 6,300 லீற்றர்.

மலசலகூடம்தான் பெரிய சிக்கல். கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும் என்பது நிவாரணப் பணிகளில் பின்பற்றப்படும் அளவு. வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லில் அதுவும் போதாமல் போகலாம். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இரண்டு பரப்புக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 22 மீற்றர் சொச்சம்தான். உங்கள் கிணற்றுக்குத் தூரமாகக் குழி வெட்டினால் அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டப் போய்விடும். எனவே குழி வெட்டுமுன் அயலவரோடு சேர்ந்து எல்லாக் கிணறுகளையும் ஒரு தாளில் குறியுங்கள். இடம் போதாவிட்டால் அடியும் பக்கமும் சீமெந்து பூசிய, கழிவு வெளியே கசியாத தொட்டி கட்டி, நிரம்பும்போது பவுசர் மூலம் அகற்றுவதே வழி. செலவு கூடும்தான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. இந்தக் கல்லுக்குள் எதுவும் விட்ட இடத்திலேயே நிற்பதில்லை.

கிணற்றடிக்குச் சீமெந்துத் தளம் போட்டு, குளித்த தண்ணீரை வாழைக்குத் திருப்புங்கள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் நைத்திரேற்றும் போகா. உரமும் மலக்குழியும் தரும் நைத்திரேற்று கைக்குழந்தைகளுக்குக் கேடு. புட்டிப்பால் கரைக்கும் வீடுகளில் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். முடிவு வரும்வரை குழந்தைக்கு வேறு நல்ல தண்ணீர் எடுங்கள். கூரையிலிருந்து மழைநீரும் பிடிக்கலாம்: 50 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 50 லீற்றர். முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும். அடுத்த மழையிலிருந்து தொட்டிக்கு விடுங்கள்.