வண்டியை அனுப்பாமல் ஏன் இத்தனை கேள்வி?

கேள்வி: 108-க்கு போன் போட்டால் எந்த மாவட்டம், எந்த ஊர், என்ன வயது, மூச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது இந்த விசாரணையெல்லாம் தேவையா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தேவை. அந்த நேரத்து எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகே வண்டி கிளம்பும் என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காக நடக்கும் மையத்தில், இடமும் விஷயமும் பிடிபட்டதுமே வண்டி ஒதுக்கும் வேலை தொடங்கிவிடும். மிச்சக் கேள்விகள் வண்டி ஓடிவரும் நேரத்தில் கேட்பவை. ஊரை முதலில் கேட்பதற்குக் காரணம், லைன் எப்போது வேண்டுமானாலும் கட் ஆகலாம் என்பது. நோய் தெரியாவிட்டாலும் இடம் தெரிந்தால் வண்டி வந்து சேரும். 'செல்போன் சிக்னலை வைத்தே கண்டுபிடிக்கலாமே' என்பீர்கள். டவர் காட்டுவது ஒரு வட்டாரத்தைத்தான். கிராமப்புறத்தில் அது சில கிலோமீட்டர் விரியும். எங்கோ ஒரு மாவட்டத்து அழைப்பைச் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் எடுக்கிறார். 'பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், மாரியம்மன் கோயில் தெரு' என்றால் அவர் எந்த ஊர் என்று எடுத்துக்கொள்வார்? அந்த விலாசம் இல்லாத ஊர் நம்மிடம் இருக்கிறதா?

மூச்சைப் பற்றிய கேள்விதான் இவற்றில் மிக முக்கியம். இதயம் நின்றவர் எல்லோரும் உடனே அடங்கிவிடுவதில்லை. சில நிமிடங்கள் வரை வாய் பிளந்தபடி, குறட்டைபோல விட்டுவிட்டு 'கர்'ரென்று இழுப்பதுண்டு. பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்து 'மூச்சு இருக்குங்க' என்று சொல்லிவிடுவார். அதை அப்படியே நம்பினால் நோயாளி கைவிட்டுப் போய்விடுவார் என்பதால்தான் 'சீரா வருதா? நெஞ்சு ஏறி இறங்குதா?' என்று துருவுகிறார்கள். ரத்த ஓட்டம் நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கும். எவ்வளவு விரட்டி ஓட்டினாலும் அதற்குள் வண்டி வாசலுக்கு வருவது அரிது. நடுநெஞ்சில் இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் அழுந்த, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்கச் சொல்லி, போனிலேயே கூட எண்ணிக்கொண்டிருக்கப் பயிற்சி பெற்ற ஒருவரால் முடியும். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால்தான் அதைத் தொடங்கலாம்.

எழுதிவைத்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள் என்ற குறையும் உண்டு. எழுதிவைத்ததுதான், வேண்டுமென்றே எழுதிவைத்தது. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் டாக்டர் ஜெஃப் கிளாசன் கேள்விகளை அட்டைகளில் வரிசைப்படுத்திக் கொடுத்தார்; இன்று பல நாடுகளில் உள்ள முறைக்கு அதுவே வித்து. எதிர்முனையில் அலறல் கேட்கும்போது எத்தனை வருட அனுபவசாலிக்கும் ஒரு கேள்வி விட்டுப்போகும், அட்டை இருந்தால் போகாது. சொன்ன பதிலையே திரும்பத் திரும்பக் கேட்டால் மட்டும் அது பயிற்சிக் குறை. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 'போன் எடுக்கிற வேலைதானே' என்ற நினைப்பு இருக்கும்வரை அந்தக் குறை தீராது. அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாடே இவர்களை அலுவலக உதவிப் பணியாளர்களோடுதான் சேர்த்திருக்கிறது.

அடுத்த முறை அழைக்க நேர்ந்தால் மாவட்டம், ஊர், அடையாளம் மூன்றையும் முதலில் சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு நோயாளி பக்கத்தில் வையுங்கள். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள். இன்னொருவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள், இரவானால் கையில் டார்ச்சோடு.