கடல் நீச்சல், குளிர்நீர் நீச்சல், பாதுகாப்பு: முக்கியக் குறிப்புகள்

• சாகுபுரம்: தூத்துக்குடி மாவட்டம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் அருகே. கடல்: மன்னார் வளைகுடா. தாமிரபரணி கடலில் கலக்குமிடம் புன்னக்காயல். ஆற்றுநீர் ஆளைக் கடலுக்குள் தள்ளும் என்பதால் புதியவர்கள் முகத்துவாரத்தில் இறங்கக் கூடாது.

• தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு: 1961. காற்று அடங்கிய பங்குனி, சித்திரையே அதற்குக் காலம். குளியாளி கல்லின் கனத்தில் அடிக்கு இறங்குவார். படகில் ஒருவர் கயிற்றில் வைத்த கையை எடுக்கவே மாட்டார், கயிறு இழுபட்டதும் தூக்கிவிடுவார். தலைமுறை தலைமுறையாகக் கடலில் வளர்ந்தவர்களே துணையில்லாமல் இறங்கவில்லை. நான்கு நாள் குளத்தில் நீந்திவிட்டுத் தனியாகக் கடலுக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

• பாக் நீரிணையை நீந்தியோர்: மு. நவரத்தினசாமி (1954), மிஹிர் சென் (ஏப்ரல் 1966, 25 மணி 36 நிமிடம், இந்தியக் கடற்படை துணை), குற்றாலீஸ்வரன் (1994, வயது 12).

• திறந்தநீர்ப் போட்டிக்கு உலக நீச்சல் அமைப்பு அனுமதிக்கும் வெப்பநிலை: 16 முதல் 31 டிகிரி செல்சியஸ். 10 கி.மீ. நீச்சல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது: 2008, பெய்ஜிங்.

• குளிர்நீரின் விளைவுகள், வரிசைப்படி: குளிர் அதிர்ச்சி, கைகால் செயலிழப்பு, உடல்வெப்பக் குறைவு. பலர் மூன்றாவதை மட்டுமே படிக்கிறார்கள். ஆளைக் கொல்வது பெரும்பாலும் முதலாவதுதான். 15 டிகிரிக்குக் கீழான நீரில் சட்டென விழுந்தால் மூச்சு தானாக இழுக்கும்; அப்போது முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். நீச்சல் வீரராலும் இந்த மூச்சிழுப்பைத் தவிர்க்க முடியாது. மல்லாந்து மிதந்து, ஓரிரு நிமிடத்தில் மூச்சு சீரான பிறகே நீந்த வேண்டும். மன்னார் வளைகுடா வெதுவெதுப்பான கடல். அதில் பழகியவர் ஆங்கிலக் கால்வாய்க்கோ மலை ஏரிக்கோ போனால், படிப்படியாக உடலைப் பழக்கியாக வேண்டும்.

• கரையேறிய பிறகும் சிறிது நேரம் உடல் வெப்பம் இறங்கும். ஈர உடையை உடனே மாற்றி, துடைத்து, போர்த்திக்கொள்ள வேண்டும். சுடுநீர்க் குளியலும் மதுவும் கூடாது.

• இழுவை நீரோட்டம்: எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவோம். கரைக்கு இணையாக நீந்தி விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

• கள்ளக்கடல்: தொலைதூரத் தென்கடலில் எழும் அலை, இங்கே காற்றே இல்லாதபோதும் கரையில் ஏறும். எச்சரிக்கை தருவது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையம். 2024 மே 6, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது எச்சரிக்கை வெளிவந்த பிறகுதான். இறங்குமுன் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

• சொறிமுட்டை பட்டால் மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது; கடல்நீரால் கழுவ வேண்டும்.

• உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாள்: ஜூலை 25.

• அவசர எண்கள்: 112, கடலோரக் காவல்படை 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

• மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சு கொடுக்க வேண்டும். பிறகு 30 முறை மார்பு அழுத்தம், 2 முறை மூச்சு என, ஆம்புலன்ஸ் வரும்வரை.