வாடகைக்கு விட வீடு வாங்குமுன்…

50 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட், மாத வாடகை 14,000 ரூபாய். ஆண்டுக்கு 1,68,000 வருகிறதே என்று துள்ளாதீர்கள். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 14,000 போச்சு. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, பிளம்பர் கூலி என்று 24,000 வையுங்கள். மிச்சம் 1,30,000, போட்ட முதலுக்கு 2.6 சதவீதம்தான். விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறோம் என்பதை ஒப்புக்கொண்டே வாங்குங்கள்.

வீடு பார்க்க மழை விட்ட மறுநாள் காலையில் போங்கள். குளியலறையின் வெளிப்பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். உப்புப் பூத்து, பூச்சு விரலோடு உதிர்ந்தால் உள்ளே கசிவு இருக்கிறது. அந்த ஒரு சுவரில் மட்டும் புது பெயிண்ட் வாசனை வந்தால் இன்னும் மோசம்!

தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று இரண்டையும் வக்கீல் பார்க்கட்டும். தனி மின் மீட்டர் இல்லாத வீடு வேண்டவே வேண்டாம். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப் போய்த்தான் பாதிச் சண்டை.

தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. வருமான வரியில், வீட்டு வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதக் கழிவு உண்டு. அதற்கு ரசீது காட்ட வேண்டியதில்லை.

சாவி கொடுக்கும் அன்றே சுவர், குழாய், மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து, குடிவருபவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.