ஓதற்பிரிவும் ஓர் அயல்வீடும்

கல்வியின் பொருட்டு வீட்டைப் பிரிந்து செல்வது தமிழர்க்குப் புதிதன்று. தலைவன் பிரிவதற்குரிய காரணங்களுள் ஓதலையும் ஒன்றாக எண்ணினார் தொல்காப்பியர். ஆனால் பிரிந்து சென்றவன் போய்ச் சேர்ந்த ஊரில் எங்கே தங்கினான், யார் கையால் உண்டான் என்பதைப் பற்றி இலக்கணத்தில் பேச்சில்லை. படிக்கச் சென்றவனுக்கோ அதுதான் முதற்கவலை. கணிதமேதை இராமானுஜன் அயல்நாட்டில் கழித்த தொடக்க நாட்களைக் கொண்டு இதனை ஆராய விரும்புகிறேன்.

அழைப்பும் பயணமும்

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தை நாம் அனைவரும் அறிவோம். ஹார்டி அவரை அழைத்தார். கடல் கடத்தல் ஆசாரத்திற்கு மாறானது என்ற கருத்து வலுவாக இருந்த காலம் அது. ஆகவே இராமானுஜன் முதலில் இணங்கவில்லை.

1914-இன் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற நெவில் என்னும் இளம் கணித அறிஞர் வந்தார். அவருக்கு வயது 25, இராமானுஜனைவிட இளையவர். நேரில் பழகி நம்பிக்கை ஊட்டி இசைவு பெற்றவர் இவரே. பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் வழிச்செலவும் தந்தது. அத்தொகையில் 50 பவுன் இராமானுஜனின் குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டது. மனைவி ஜானகியைத் தாயகத்தில் விட்டு, 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார்.

முதல் வாரம்

ஏப்ரல் 14 அன்று கப்பல் இலண்டனை அடைந்தது. நெவில் தம் தமையனோ தம்பியோ ஆகிய உடன்பிறந்தார் ஒருவருடன் மோட்டார் வண்டியில் வந்து காத்திருந்தார். புதிதாக வரும் இந்திய மாணவர்களை வரவேற்கும் இல்லம் ஒன்று இலண்டன் கிராம்வெல் சாலையில் 21-ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. அங்குச் சில நாட்கள் தங்கியபின், ஏப்ரல் 18 அன்று கேம்பிரிட்ஜ் செஸ்டர்டன் சாலையிலிருந்த நெவிலின் வீட்டிற்கே இராமானுஜன் அழைத்துச் செல்லப்பட்டார். நெவிலும் அவர் மனைவி ஆலிசும் மணமாகி நெடுநாள் ஆகாதவர்கள். அவ்வீட்டில் ஏறத்தாழ ஆறு வாரம் அவர் விருந்தினராக இருந்தார்.

அந்நாட்களில் அவரை வருத்தியவை பெரிய செய்திகள் அல்ல என்பது நெவிலின் குறிப்பால் விளங்குகிறது. இருபத்தாறு ஆண்டுகள் கட்டுண்டறியாத கால்களுக்குச் சப்பாத்துகள் துன்பம் தந்தன. பழகாத காய்கறிகள் பழகாத முறையில் சமைக்கப்பட்டு நாவிற்கு ஒவ்வவில்லை. எனினும் அவர் மரக்கறி நோன்பை விடவில்லை. விடும்படி அவ்வீட்டார் வற்புறுத்தவும் இல்லை. இடையில் ஹார்டி, லிட்டில்வுட் ஆகியோரின் நட்பும் கிடைத்தது, பணியும் தொடங்கிவிட்டது.

அறையில் தனிமை

ஜூன் மாதம் அவர் டிரினிடி கல்லூரி வளாகத்து அறைக்குக் குடிபெயர்ந்தார். கல்லூரிக்கு அருகில் இருப்பது படிப்பிற்கு வசதி. ஆனால் தாமே சமைத்துத் தாமே உண்ணும் வாழ்வு அங்கே தொடங்கியது. ஆகஸ்டில் முதல் உலகப்போரும் மூண்டது.

பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் அப்போது அங்கு மாணவர். குளிர்காலத்தில் ஒருநாள் அவர் சென்றபோது இராமானுஜன் கணப்பருகே ஒடுங்கி அமர்ந்திருந்தார். இரவில் மேலங்கியை அணிந்து சால்வையைச் சுற்றிக்கொண்டு உறங்குவதாகச் சொன்னார். கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் ஒழுங்காகச் செருகப்பட்டே இருந்தன! அவற்றை விலக்கி உள்ளே படுக்க வேண்டுமென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. முடிவிலாத் தொடர்களை ஆராய்ந்த அறிவுக்கும் அயல்நாட்டுக் கட்டில் ஒரு புதிர்தான்.

1917-இல் அவர் நோயுற்றார். 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் மறைந்தார். அந்நோய் காசம் என அன்று கருதப்பட்டது. ஈரலைத் தாக்கிய அமீபா நோயாகலாம் எனப் பிற்கால ஆய்வு கூறுகிறது. எனவே தனிமைதான் அவரைக் கொன்றது என்று சொல்லுதல் பொருந்தாது. ஆயினும் புதியவன் தானாகக் கேட்கக் கூசுவான் என்பதற்கும், அருகிலிருப்பவர் தாமே சென்று பார்த்தால்தான் குறை தெரியும் என்பதற்கும் அந்தக் கம்பளியே சான்று.

நம் எல்லைப் பகுதியில்

இதை நான் எழுதக் காரணம் உண்டு. அத்திப்பள்ளியைத் தாண்டினால் கன்னட நாடு. ஓசூரின் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கின்றன. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல் வெளியூர்க் குடும்பங்கள் இங்கு வந்து குடியேறிய வண்ணம் உள்ளன. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்களிலிருந்து குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுவோரும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு ஐம்பது கல் தொலைவும் அயல்நாடே. முதல் வாரத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிய ஒருவரை நான் அறிவேன். பாடம் கடினமென்று அவர் போகவில்லை, பேச ஆளின்றிப் போனார்.

ஆதலால் ஒன்று வேண்டுகிறேன். இரண்டாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் புதியவர் ஒருவரை முதல் ஏழு நாட்களுக்குத் தம் பொறுப்பில் ஏற்கலாம். பேருந்து நேரம், உணவு விடுதி, உதவித்தொகை விண்ணப்பம், நூலகச் சீட்டு ஆகியவற்றைக் காட்டித் தரலாம். ஞாயிறன்று ஒருவேளை வீட்டிற்கு அழைத்து, அவர் உண்பதையே பரிமாறலாம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு ஒரு பட்டியல் வகுத்துத் தந்தால் வரும் ஆண்டிலேயே தொடங்கிவிடலாம்.

ஹார்டியைப் போல மேதையைக் கண்டறிவது எல்லார்க்கும் இயலாது. நெவில் தம்பதியரைப் போல ஓர் அறையைத் திறந்து வைப்பது நம் அனைவர்க்கும் இயலும்.